ஹாட் டப்புக்கு ட்ரையர் லைன் போதுமா?

கேள்வி: சார், நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். 1978இல் கட்டிய வீடு, 100 ஆம்ப் மெயின் பேனல். ஆறு பேர் உட்காரும் ஹாட் டப், அதாவது வெந்நீர்த் தொட்டி, ஒன்று ஆர்டர் பண்ணிவிட்டோம். 240 வோல்ட், 50 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் பேவர் கல் பதித்த இடத்தில் வைக்கலாம் என்று எண்ணம். வீட்டுச் சில்லறை வேலைகள் செய்யும் தெரிந்த ஹேண்டிமேன் ஒருவர், பேஸ்மென்டில் துணி உலர்த்தும் ட்ரையருக்கு இருக்கும் லைனையே வெளியே இழுத்துத் தருகிறேன், பெர்மிட் எல்லாம் வேண்டாம், 500 டாலர் போதும் என்கிறார். மதுரையில் வயரிங் வேலை செய்யும் என் மச்சான் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டு, டப் பக்கத்திலேயே தனியாக ஒரு எர்த் ராடு அடித்துவிடு, பயமே வேண்டாம் என்கிறான். என் மனைவிக்குத் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதே பயம். சாதாரண பிளக்கில் சொருகும் 120 வோல்ட் டப்பாக மாற்றிவிடலாமா என்று கேட்கிறாள். எட்டு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூனில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மனைவியிடமிருந்தே தொடங்குகிறேன். மூன்று பேரில் சரியான இடத்தில் பயப்படுகிறவர் அவர்தான். அதற்கு அவர் சொல்லும் வைத்தியம்தான் பலிக்காது.

நம் ஊரில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஃபேஸைத் தொட்டுக்கொண்டு வெறுங்காலோடு தரையில் நின்றால் அந்த 230ம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகப் பார்க்கும். அமெரிக்க வீட்டு சப்ளை வேறு மாதிரி. தெரு ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து நம் ஊர் ஃபேஸ் மாதிரி இரண்டு ஹாட் வயரும் நடுவில் ஒரு நியூட்ரலும் வருகின்றன. எந்த ஹாட் வயரை எடுத்தாலும் தரைக்கும் அதற்கும் 120 வோல்ட்தான். இரண்டு ஹாட்டுக்கும் இடையில் அளந்தால் 240. ஆகவே 240 வோல்ட் டப்பில் ஹீட்டர் கெட்டுத் தண்ணீருக்குள் கரண்ட் கசிந்தாலும் சரி, 120 வோல்ட் டப்பில் கசிந்தாலும் சரி, ஈரத்தரையில் நின்றபடி தண்ணீரில் கை வைக்கிறவருக்குத் தரையைப் பொறுத்து வரக்கூடியது அதிகபட்சம் அதே 120 வோல்ட்தான். சின்ன டப் வாங்குவதால் ஆபத்து பாதியாகக் குறையாது.

120 வோல்ட்டை லேசாகவும் நினைக்க வேண்டாம். காய்ந்த தோல் கரண்டை நன்றாகத் தடுக்கும். தண்ணீரில் ஊறிய உடம்பில் அந்தத் தடை 1,000 ஓம் அளவுக்கு, சில நேரம் அதற்கும் கீழே இறங்கிவிடும். 120ஐ 1,000ஆல் வகுத்தால் 120 மில்லி ஆம்பியர். பத்து, பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. நூறை நெருங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், விருப்பப்பட்டு முன்வந்தவர்களின் கையில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் கை விட முடியாமல் போகிறது என்று அளந்து பார்த்தார். இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். அவர்தான் 1961இல் ஜிஎஃப்சிஐ என்ற கருவியையும் உருவாக்கினார். உங்கள் வீட்டு பாத்ரூம் பிளக்கில் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றனவே, அதுதான்.

பிரேக்கருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். சாதாரண 50 ஆம்ப் பிரேக்கர் விழவேண்டுமென்றால், அதாவது ட்ரிப் ஆகவேண்டுமென்றால், 50 ஆம்பியருக்கு மேல், அதாவது 50,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு ஆளைக் கொல்ல நூறு போதும். பிரேக்கர் இருப்பது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க; உங்களை அது கவனிப்பதே இல்லை. ஜிஎஃப்சிஐ வேறு வேலை செய்கிறது. ஹாட் வயர்களில் போன கரண்ட் முழுவதும் அதே லைனில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 4லிருந்து 6 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ வேறு வழியில், ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக, போகிறது என்று வைத்துக்கொண்டு லைனைத் துண்டித்துவிடும். நம் ஊர் வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபியும் இதே தத்துவம்தான். அது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் விழும், இது 5இல் விழும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில், என்இசி என்பார்கள், 680ஆம் பிரிவு முழுக்க நீச்சல் குளம், ஹாட் டப் பற்றியது. வீட்டு ஹாட் டப்புக்கு ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு கட்டாயம் என்று அதில் இருக்கிறது.

இனி மச்சான் விஷயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊர் அமைப்பில் வீட்டு எர்த் வயர் கடைசியில் போய்ச் சேருவது வாசல் ஓரத்தில் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் பிட்டில்தான். அதனால் எர்த் என்றதும் மண்தான் ஞாபகம் வரும். இங்கே எர்த் வயர், அதாவது பச்சை வயர், மெயின் பேனலுக்குப் போய் அங்கே நியூட்ரலோடு சேர்கிறது. கசிந்த கரண்ட் மண் வழியாக அல்ல, செம்புக் கம்பி வழியாகவே ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. வழியில் தடை குறைவு என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் உடனே விழும். இப்போது மச்சான் சொன்னபடி பச்சை வயரை விட்டுவிட்டு டப்பை ஒரு ராடில் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? நல்ல மண்ணிலேயே ஒரு ராடின் தடை 25 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120ஐ 25ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். சாதாரண 50 ஆம்ப் பிரேக்கர் இதைப் பார்த்து அசையக்கூட அசையாது. டப்பின் உலோக பாகங்களும், ராடைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் கரண்ட் ஏறியபடியே நின்றுகொண்டிருக்கும். மண்ணை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதை விதித்தொகுப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. பச்சை வயரும் போட்டு, கூடவே ராடும் அடித்தால் தப்பில்லை, ஆனால் அதனால் ஒரு லாபமும் இல்லை. மச்சானிடம் இந்த 4.8 கணக்கைச் சொல்லுங்கள், உடனே பிடிபட்டுவிடும்.

ஹேண்டிமேன் சொன்னதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ட்ரையர் லைன் என்பது 30 ஆம்ப் பிரேக்கர், 10ஆம் நம்பர் வயர். உங்கள் டப் கேட்பது 50 ஆம்ப் லைன். அதற்கு 6ஆம் நம்பர் செம்பு வயர் வேண்டும். இந்த நம்பர் குறையக் குறைய வயர் தடிமனாகும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்ப் பிரேக்கரிலேயே விட்டால் ஹீட்டரும் பம்பும் சேர்ந்து ஓடும்போது விழுந்துகொண்டே இருக்கும். விழுகிறதே என்று அவர் ஒருநாள் வந்து 50 ஆம்ப் பிரேக்கரை மாட்டிவிட்டுப் போவார். அதன்பிறகு சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடேறும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, 1996க்கு முன்பு வயரிங் செய்த வீடுகளில் ட்ரையருக்கு மூன்று கம்பிதான் இழுத்திருப்பார்கள்: இரண்டு ஹாட், ஒரு நியூட்ரல். தனியாகக் கிரவுண்ட், அதாவது எர்த், கிடையாது. உங்கள் வீடு 1978. பெரும்பாலான 240 வோல்ட் டப்புக்கு நான்கு கம்பி வேண்டும்: இரண்டு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட். அந்தக் கிரவுண்ட் கம்பி, வீட்டுக்கு வெளியே போகும் பகுதியில், உறை போட்ட செம்பாக இருக்க வேண்டும். ஆக, ட்ரையர் லைனை மறந்துவிடுங்கள். பேனலிலிருந்து டப்புக்கென்றே தனி லைன், அதில் வேறெதையும் சேர்க்கக்கூடாது.

அடுத்த சந்தேகம், உங்கள் 100 ஆம்ப் பேனல் இதைத் தாங்குமா என்பது. பேனலில் காலி இடம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, லோடு கணக்கு போட வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 2,200 சதுர அடி வீடு என்று வைத்தால் சதுர அடிக்கு 3 வோல்ட் ஆம்பியர் வீதம் 6,600. சமையலறை, லாண்டரி லைன்களுக்கு 4,500. மின் அடுப்பு 8,000, ட்ரையர் 5,000, பாத்திரம் கழுவும் மெஷின் 1,200. மொத்தம் 25,300. முதல் 10,000ஐ அப்படியே எடுத்துக்கொண்டு மிச்சத்தில் 40 சதவீதம் மட்டும் சேர்ப்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால். அது 16,120. ஏசிக்கு 5,000 முழுதாகச் சேர்த்தால் 21,120. 240ஆல் வகுத்தால் 88 ஆம்ப். இதுவரை சரி. 40 ஆம்ப் இழுக்கும் டப் ஒன்றைக் கூட்டி அதே கணக்கைப் போட்டால் 104 ஆம்ப் வருகிறது. 100 ஆம்ப் பேனலைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அடுப்பும் ட்ரையரும் கேஸாக இருந்தால் தாராளமாக இடம் இருக்கும். ட்ரையர் லைன் என்று நீங்களே எழுதியிருப்பதால் அது கரண்ட்டில் ஓடுவதாக இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் வந்ததும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்கே போடாமல் "தாங்கும் தாங்கும்" என்றால் அவரையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டு வருடத்தில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பேனலை 200 ஆம்ப்புக்கு மாற்றுவதை ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாம்.

பேனலிலிருந்து வரும் லைன் நேராக டப்புக்குள் போய்விடாது. இடையில் சுவரிலோ ஒரு போஸ்டிலோ ஸ்பா பேனல் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஜிஎஃப்சிஐ பிரேக்கர் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். டப்பின் மின்சாரத்தை அணைக்கும் ஸ்விட்சும் அதுவே. அது டப்பின் உள்சுவரிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி இருக்க வேண்டும், அதே சமயம் டப் இருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறவர் கை நீட்டித் தொட முடியாத தூரம், ரிப்பேர் பார்க்க வந்தவர் தான் குனிந்திருக்கும்போது யாராவது ஆன் பண்ணிவிடுகிறார்களா என்று திரும்பிப் பார்க்கக்கூடிய தூரம். கராஜுக்குள் மாட்டிப் பூட்டி வைப்பதெல்லாம் கூடாது.

இந்தப் பெட்டியில் அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறு இருக்கிறது. ஜிஎஃப்சிஐ பிரேக்கரிலிருந்து சுருள் சுருளாக ஒரு வெள்ளை வயர் வரும். அது பெட்டியின் நியூட்ரல் பட்டையில் சேர வேண்டும். டப்பிலிருந்து வரும் நியூட்ரலோ பட்டைக்குப் போகக்கூடாது, பிரேக்கரில் அதற்கென்று உள்ள திருகில் சேர வேண்டும். இதை மாற்றி டப்பின் நியூட்ரலையும் பட்டையிலேயே கட்டிவிட்டால், 240 வோல்ட் ஹீட்டர் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஓசோன் கருவியோ சின்னப் பம்போ, 120 வோல்ட்டில் ஓடும் ஏதாவது ஒன்று ஆன் ஆன நொடியில் பிரேக்கர் விழும். போன கரண்ட் திரும்பி வரும் வழியை ஜிஎஃப்சிஐ பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். டப் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன்பு இதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்குள் நியூட்ரலும் கிரவுண்டும் ஒன்றோடு ஒன்று தொடவும் கூடாது. அவை சேரும் இடம் மெயின் சப்ளை வந்து இறங்கும் பேனல் மட்டும்.

பேவர் கல்லுக்கு அடியில் லைன் போவதால் குழி வெட்டியாக வேண்டும். பிவிசி பைப்புக்குள் போனால் 18 அங்குல ஆழம் என்பது விதி. வீட்டுக்குள் ஓடும் சாதாரண மஞ்சள் அல்லது கறுப்பு உறைக் கேபிளை வெளியே இழுக்கக்கூடாது, பைப்புக்குள் விட்டால்கூட. அந்தப் பைப்புக்குள் எப்படியும் ஈரம் சேரும் என்பதால் ஈரம் தாங்கும் வயர்தான் போட வேண்டும். குழி வெட்டுவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே 811க்கு போன் பண்ணுங்கள். காசு கிடையாது; நியூ ஜெர்சியில் அது சட்டம். கேஸ், கரண்ட், டெலிபோன் லைன் எங்கெல்லாம் போகிறது என்று வந்து தரையில் கலர் அடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் வீட்டுக்காரர் தானாகப் போட்டுக்கொண்ட லைன்களை, தோட்டத்து ஸ்பிரிங்ளர், பார்பிக்யூவுக்குப் போகும் கேஸ் பைப் போன்றவற்றை, அவர்கள் குறிக்க மாட்டார்கள். முந்தைய ஓனர் என்ன புதைத்து வைத்திருக்கிறார் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

டப் வைக்கும் இடத்தில் நின்று ஒரு தடவை மேலே பாருங்கள். எடிசன் பக்கத்துப் பழைய தெருக்களில் கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கி வரும் சர்வீஸ் வயர் பின்கட்டு வழியாகவே போவதுண்டு. தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த வயருக்கு எந்தத் திசையில் அளந்தாலும் 22½ அடி இருக்க வேண்டும். கேபிள் டிவி, டெலிபோன் வயருக்கு 10 அடி. இல்லையென்றால் டப்பைத்தான் நகர்த்த வேண்டும். வயரை நகர்த்த மின் கம்பெனியைக் கேட்டுக்கொண்டிருந்தால் கோடை போய்விடும். பிளக் பாயின்ட் எதுவும் டப்பிலிருந்து 6 அடிக்குள் இருக்கக்கூடாது. 20 அடிக்குள் இருப்பவை எல்லாம் ஜிஎஃப்சிஐ உள்ளவையாக இருக்க வேண்டும். சுவர் ஸ்விட்சுகள் 5 அடி தள்ளி. டப்புக்கு நேர் மேலேயும், சுற்றி 5 அடிக்குள்ளும், தண்ணீருக்கு 12 அடி உயரத்துக்குள் புதிதாக விளக்கு மாட்டக்கூடாது. இதைச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் தீபாவளிக்குக் கட்டிய சீரியல் லைட் அடுத்த தீபாவளி வரை டெக் என்கிற மரத்தளத்தின் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றுங்கள். சார்ஜரில் சொருகிய போனை டப் ஓரத்தில் வைப்பதும் வேண்டாம்.

பாண்டிங் என்று ஒன்று இருக்கிறது. இதை எலெக்ட்ரீஷியன்களே சில பேர் எர்த்தோடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஷாக் அடிப்பதில்லை, அதன் இரண்டு காலும் ஒரே வோல்ட்டேஜில் இருப்பதால். ஹாட் டப்பில் இறங்கும்போது உங்கள் ஒரு கால் ஈரமான கல் தரையிலும் இன்னொரு கால் தண்ணீரிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட் வித்தியாசம் இருந்தால்கூட சுருக்கென்று தெரியும். அந்த வித்தியாசம் உங்கள் வீட்டு வயரிங்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. தெருவில் நியூட்ரல் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தாலும் வரும். ஜிஎஃப்சிஐ அதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது டப் லைனில் ஓடும் கரண்டே அல்ல. தண்ணீர், பம்ப், கைப்பிடி, சுற்றுத் தரை எல்லாவற்றையும் 8ஆம் நம்பர் கட்டிச் செம்புக் கம்பியால் ஒன்றாகக் கட்டி ஒரே வோல்ட்டேஜுக்குக் கொண்டுவருவதுதான் பாண்டிங்.

பாண்டிங்குக்காக டப்பைச் சுற்றித் தரையில் கம்பி புதைக்கும் வேலையிலிருந்து உங்களுக்கு விலக்கு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து, தரைக்கு மேலே வைப்பதற்கென்று சான்று பெற்ற டப், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி தரை மேல் வைக்கப்பட்டு, அதன் விளிம்பு சுற்றிலும் 30 அங்குலத்துக்குள் உள்ள தரையைவிடக் குறைந்தது 28 அங்குலம் உயரமாக இருந்தால் அது தேவையில்லை. பேவர் கல் மேல் அப்படியே நிறுத்தினால் இது சரியாக அமைந்துவிடும். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்று டப்பைச் சுற்றி டெக் போட்டு உயர்த்தினாலோ, பாதி தரைக்குள் இறக்கினாலோ விலக்கு போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு டெக் கட்ட வருகிற ஆசாரிக்கு இது தெரியாது. அதனால் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏசியின் வெளி யூனிட், இரும்புக் கைப்பிடி போன்றவை டப்பிலிருந்து 5 அடிக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் இன்னும் ஒரு தலைவலி குறையும். தரை பற்றி ஒரே வரி: தண்ணீரும் ஆளும் சேர்ந்து இரண்டு டன்னைத் தாண்டும், பேவர் கல்லுக்கு அடியில் வெறும் மணல்தான் என்றால் காங்கிரீட் போடுங்கள்.

பெர்மிட் கட்டாயம் வேண்டும். நியூ ஜெர்சியில் சொந்தக்காரர் தான் குடியிருக்கும் தனி வீட்டில் தானே வயரிங் செய்துகொள்ளலாம், அதற்கும் பெர்மிட் எடுத்துத்தான். கூலிக்குச் செய்கிறவருக்கு மாநில எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசன்ஸ் இருந்தாக வேண்டும். டவுன்ஷிப் கட்டட அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குவது பெரிய விஷயமில்லை. நல்ல கான்ட்ராக்டர் அவரே எடுத்துவிடுவார். "பெர்மிட் இல்லாமல் இவ்வளவு, பெர்மிட்டோடு இவ்வளவு" என்று இரண்டு விலை சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை குழியை மூடக்கூடாது. மூடிவிட்டால் திரும்பத் தோண்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, தோண்டவும் வைப்பார். எனக்கு இன்ஸ்பெக்டர்களோடு வாக்குவாதம் வந்ததுண்டு; ஆனாலும் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலையில் இரண்டாவதாக ஒரு கண் பார்ப்பதை நான் எப்போதும் விரும்புவேன்.

திரும்பவும் 120 வோல்ட் டப் யோசனை. பாதுகாப்பில் அது மோசமில்லை, அதன் பிளக் வயரிலேயே ஜிஎஃப்சிஐ வரும். ஆனால் அதற்கும் வேறு எதுவும் ஓடாத தனி லைன் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகவே கூடாது. பிரச்சினை சூட்டில்தான். 1,400 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 46 யூனிட் மின்சாரம் வேண்டும். அத்தகைய டப்புகளில் இருக்கும் 1 கிலோவாட் ஹீட்டருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு நாள் வேலை. 5.5 கிலோவாட் ஹீட்டர் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடும். ஜனவரி குளிரில் மூடியைத் திறந்து ஜெட்டைப் போட்டால் 120 வோல்ட் டப் சூட்டை இழந்துகொண்டே போகும், பலவற்றில் ஜெட் வேகமாக ஓடும்போது ஹீட்டர் ஓடவே ஓடாது. கோடையில் மட்டும், இரண்டு பேர் உட்கார, வாடகை வீட்டில் வைத்துக்கொள்ள அது நல்லது. உங்களுக்குப் பொருந்தாது.

பழைய டப் எதையும் ஆன்லைனில் பார்த்து மனம் மாறிவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான யுஎல் அல்லது இடிஎல் முத்திரை இல்லாததை இன்ஸ்பெக்டர் ஏற்பது கஷ்டம். அதைவிட, உடைந்த உறிஞ்சு மூடிகளோடு, அதாவது பம்ப் தண்ணீரை இழுக்கும் துளைகளின் மூடிகளோடு, விற்பவை உண்டு. 2002இல் ஏழு வயதுக் குழந்தை ஒன்று ஹாட் டப்பின் அடித்துளை உறிஞ்சலில் சிக்கி இறந்தது. அந்தச் சிறுமியின் பெயரால்தான் 2007இல் வர்ஜினியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது, உறிஞ்சு மூடிகளுக்குத் தரம் நிர்ணயிக்க. புது டப்பிலும் அந்த மூடி உடைந்தால், மாற்றும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் முடியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை ஜிஎஃப்சிஐ டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் பிரேக்கரை மாற்றும்வரை டப் மூடியே இருக்கட்டும். தானாக அடிக்கடி விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீட்டர் காயிலை. அதன் உறை அரித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காயிலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜிஎஃப்சிஐயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாதாரண பிரேக்கரை மாட்டி, "இப்போ விழவே இல்லை பாருங்க" என்று ஒப்படைத்திருந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். விழாமல் இருந்தது உண்மைதான். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீரைத் தொடும்போது சுருக்கென்றாலோ கூச்சம் மாதிரித் தெரிந்தாலோ, இன்னொரு முறை தொட்டுச் சோதிக்க வேண்டாம். ஸ்பா பேனலை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அணைத்த பிறகும் சுருக்கென்றால் பிரச்சினை தெரு நியூட்ரலில் இருக்கலாம், மின் கம்பெனிக்கு அவசரம் என்று சொல்லுங்கள். யாராவது தண்ணீரில் ஷாக் அடித்துக் கிடப்பதைப் பார்த்தால் கை விட்டுத் தூக்கப் போகாதீர்கள். முதலில் ஸ்விட்ச், அப்புறம் ஆளை வெளியே எடுத்து 911, மூச்சு இல்லையென்றால் சிபிஆர். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள். இடி இடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மின்னலுக்கு முன்னால் ஜிஎஃப்சிஐ ஒன்றும் செய்யாது.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஷாக்கைவிட மூழ்குவதுதான் பெரிய ஆபத்து. பூட்டு உள்ள மூடி வாங்குங்கள், ஏஎஸ்டிஎம் எஃப்1346 தரம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மூடி இருந்தால் பல ஊர்களில் தனி வேலி கேட்கமாட்டார்கள்; உங்கள் டவுன்ஷிப்பில் பெர்மிட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னவன் டப்பில் இறங்குவதற்கு இன்னும் சில வருடம் போகட்டும். தண்ணீர் 104 ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரிக்கு மேல் போகவே கூடாது. அப்பா பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்டபிறகு, அதைவிடக் குறைந்த சூட்டில், பத்து நிமிஷம் போதும்.

கடைக்குப் போன் பண்ணி டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். லோடு கணக்கு, பெர்மிட், 811, குழி, இன்ஸ்பெக்ஷன் எல்லாம் இரண்டு வாரத்தில் முடியாது. டப் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் கேள்வியில் அந்த ஹேண்டிமேனையே கூப்பிட்டுவிடத் தோன்றும். எல்லாம் தயாரான அன்றைக்குத் தண்ணீரை முழுதாக நிரப்பிய பிறகுதான் பிரேக்கரைப் போட வேண்டும். காலி டப்பில் ஆன் பண்ணினால் பம்பும் ஹீட்டரும் முதல் நாளே போய்விடும், அதற்கு வாரண்டியும் தரமாட்டார்கள்.